லீவு புத்தகம் யார் கையில்?

ராணுவத்தில் ஒரு கம்பெனியில், அதாவது நூறு சொச்சம் பேர் கொண்ட பிரிவில், உண்மையான அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தோள்பட்டை நட்சத்திரங்களைப் பார்த்துப் பயனில்லை. லீவு புத்தகத்தை எழுதுகிறவர் யார், சம்பளப் பட்டியல் யார் மேஜையில் இருக்கிறது, லங்கரில், அதாவது சிப்பாய்களின் சமையற்கூடத்தில், இன்றைக்கு என்ன சமைப்பது என்று முடிவு செய்கிறவர் யார், புகாரோடு வரும் ஜவானை ஆபீஸ் வாசலிலேயே திருப்பி அனுப்பக்கூடியவர் யார், இந்த நான்கையும் விசாரித்தால் போதும், அந்தக் கம்பெனி எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

நான் ஆர்மி எஜுகேஷன் கோரில் ஹவில்தாராகச் சேர்ந்து நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்றவன். பல மாநிலத்துப் பையன்களுக்கு இந்தியும் கணக்கும் மேப் ரீடிங்கும் சொல்லிக்கொடுத்து, பிரமோஷன் பரீட்சைக்குத் தயார் செய்வதுதான் வேலை, அதனால் எந்த யூனிட்டுக்குப் போனாலும் 'மாஸ்டர்ஜி'தான். மாஸ்டர்ஜியிடம் பையன்கள் மனம் விட்டுப் பேசுவார்கள், ஏனென்றால் அவர்களுடைய லீவும் தண்டனையும் என் கையில் இல்லை. அப்படிக் கேட்டது, பார்த்தது, பிறகு ஓய்வில் படித்தது எல்லாம் சேர்ந்து ஒரு விஷயம் ரொம்ப நாளாக மனதில் இருக்கிறது. ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த இனங்களை, போர் முடிந்தபின் ஒரே ராணுவத்தில் சேர்த்து, அந்த ராணுவத்தின் உள்பழக்கத்தை மாற்றுவது எப்படி என்பது பற்றி.

இதை இப்போது எழுத வைத்தவர் எங்கள் அடிவாரம் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்த ஒரு தம்பி. இலங்கையின் மன்னார்க்காரர், சின்னப் பையனாக 1990ல் படகில் வந்தவர், சேலம் மாவட்டத்தில் ஒரு மறுவாழ்வு முகாமில் இருக்கிறார். மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்: "அண்ணை, நீங்கள் ஆமியில இருந்தனீங்கள்தானே, உங்களட்டத்தான் கேக்கவேணும். ஊரில என்ர தங்கச்சின்ர மகன் அங்கத்தை ஆமியில சேரப்போறன் எண்டு நிக்கிறான். சம்பளம் நல்லமாம். விடலாமோ?" கேட்டுவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா எப்படிச் செத்தார் என்று எனக்குத் தெரியும், அதனால் இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு என்ன பாடுபட்டிருக்கும் என்றும் புரிந்தது. உடனே ஆமாம், இல்லை என்று சொல்ல முடியவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்றேன். யோசித்ததுதான் இது.

நான் நேரில் பார்த்தது கொங்கோ. ஐ.நா. அமைதிப்படையில் நம் இந்தியப் பிரிகேடு வடக்கு கிவுவில், கோமா நகரத்தைச் சுற்றி இருந்த காலத்தில் அங்கே இருந்தேன். கொங்கோவில் பெரிய போர் முடிந்து 2003ல் இடைக்கால அரசு வந்தது, அப்புறம் அரசுப் படை, பல கிளர்ச்சிப் படைகள், ஊர்க்காவல் மாதிரி இருந்த மாய்மாய் குழுக்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ராணுவமாக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். முதலில் செய்தது ஓரளவு சரியான வழிதான். ஆட்களைப் பழைய தளபதியிடமிருந்து பிரித்து, ஒரு மையத்தில் கலந்து, பயிற்சி கொடுத்து, வேறு பகுதிக்குப் புது பிரிகேடாக அனுப்புவது. ஆனால் கிவு பக்கத்து டுட்ஸி இனத்துத் தளபதி லொரான் என்குண்டா தன் ஆட்கள் கிவுவை விட்டுப் போக மாட்டார்கள் என்று நின்றார். சரி என்று 2007 தொடக்கத்தில் அவருக்காக ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள்: அதே இடத்திலேயே, அவருடைய பட்டாலியன்களையும் அரசின் பட்டாலியன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஆல்பா, பிராவோ, சார்லி, டெல்டா, எக்கோ என்று ஐந்து பிரிகேடுகள். காகிதத்தில் எல்லாம் கலவை. அந்த வருடம் முடிவதற்குள் சிதறிப்போனது, மறுபடி போர்.

ஏன் சிதறியது என்பதற்குப் பெரிய பெரிய அரசியல் காரணங்கள் உண்டு, ருவாண்டா உண்டு, கனிமம் உண்டு, நிலம் உண்டு. அதெல்லாம் உண்மை. ஆனால் ஒரு சோல்ஜராக என் கண்ணில் பட்டது வேறு. அந்த நாட்டு ராணுவத்தில் சம்பளம் தலைநகரிலிருந்து பணக்கட்டாகக் கிளம்பி, தளபதி, அவருக்குக் கீழ் தளபதி, அவருக்குக் கீழ் என்று கை மாறிக் கை மாறி வரும். கடைசி ஆளிடம் வரும்போது ஒன்றும் மிஞ்சாது. செத்தவன் பேரிலும் ஓடிப்போனவன் பேரிலும் சம்பளம் வாங்குவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு சிப்பாய் யாருக்கு விசுவாசமாக இருப்பான்? நாட்டுக்கா? அவன் நாட்டைப் பார்த்ததே இல்லை. தன் இனத்துத் தளபதி, தன் மொழி பேசுகிறவர், 'நம்ம பையன்' என்று கையில் நாலு நோட்டு வைக்கிறவர், அவருக்குத்தான். புது பிரிகேடின் பேட்ஜைச் சட்டையில் குத்திவிட்டால் அது மாறுமா.

இதைப் புரிந்துகொண்டு வேலை செய்தவர்களும் அங்கே இருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2005ல் ஒரு சின்ன ஆலோசனைக் குழுவை அனுப்பியது, அவர்கள் பிடித்த முக்கியமான வேலை சம்பளம் போகும் வழியை, உத்தரவு போகும் வழியிலிருந்து தனியாகப் பிரிப்பது. அதாவது உத்தரவு போடுகிற ஆள் பணத்தைத் தொடக்கூடாது. அதோடு ஒவ்வொரு சிப்பாயையும் நேரில் எண்ணி, கைரேகை எடுத்து, அடையாள அட்டை கொடுத்தார்கள். பத்திரிகையில் இதெல்லாம் தலைப்புச் செய்தி ஆகாது. ஆனால் கொங்கோ ராணுவத்தில் நடந்த சீர்திருத்தங்களில் எனக்கு மதிப்பு இருப்பது இதன் மேல்தான், ஏனென்றால் தளபதியின் கையிலிருந்து சாப்பாட்டைப் பிரித்தால்தான் அந்தச் சிப்பாய்க்கு முதல் முறையாகத் தன் இனத்தை விட்டு வெளியே ஒரு நம்பிக்கை பிறக்கும். அது முழுசாக வேர்விடுவதற்குள் 2009 மார்ச் 23ஆம் தேதி இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு அவசரக் கலப்பு. பழைய தளபதிகள் தங்கள் பழைய உத்தரவுச் சங்கிலியை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 2012ல் அதே ஆட்கள் அந்தத் தேதியையே பேராக வைத்து எம்23 என்று கிளம்பி, நவம்பரில் கோமாவையே பிடித்தார்கள். நான் ஊருக்கு வந்தபின் டிவியில் அந்த ரோடுகளைப் பார்த்தேன். தெரிந்த ரோடுகள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

தென்னாப்பிரிக்கா இதற்கு நேர் எதிர். அங்கே பணம் இருந்தது, ஒழுங்கு இருந்தது, சட்டம் இருந்தது, மண்டேலா இருந்தார். 1994 ஏப்ரலில் ஏழு படைகளை ஒன்றாக்கினார்கள்: வெள்ளையர் ஆட்சியின் பழைய ராணுவம், அதை எதிர்த்துப் போராடிய உம்கோந்தோ வெ சிஸ்வே, ஆப்லா என்ற இன்னொரு விடுதலைப் படை, டிரான்ஸ்கை, சிஸ்கை, வெண்டா, போபுத்தட்ஸ்வானா என்று வெள்ளையர் ஆட்சி கறுப்பர்களுக்கென ஒதுக்கிய நான்கு 'தாயகங்களின்' சின்னச் சின்ன ராணுவங்கள். யாருக்கு என்ன ரேங்க் என்று நடுவில் நின்று பார்ப்பதற்கு பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து ஒரு குழு வந்தது. ஆனாலும் முதல் வருடமே பிரச்சினை. பிரிட்டோரியா பக்கம் வால்மன்ஸ்தால் முகாமில் இருந்த முன்னாள் போராளிகள் ஆயிரக்கணக்கில் முகாமை விட்டு வெளியேறினார்கள். சாப்பாடு, சம்பளம், காரணம் தெரியாத தாமதம், பழைய ராணுவத்து வெள்ளைக்கார அதிகாரிகள் நடத்தும் விதம், இதுதான் புகார். மண்டேலா நேரில் போய்ப் பேசினார், கெடுவும் வைத்தார், திரும்பி வராதவர்களை வெளியே அனுப்பினார். அந்த மனிதர் சொன்னாலே கேட்காத அளவுக்கு உள்ளே ஏதோ புழுங்கியிருக்கிறது என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

அப்புறம் 1999 செப்டம்பர். புளூம்ஃபோண்டைன் பக்கத்தில் டெம்பே என்ற ராணுவத் தளம். ஒரு கறுப்பின லெப்டினன்ட், முன்பு ஆப்லாவில் இருந்தவர், துப்பாக்கியை எடுத்து வளாகத்துக்குள் சுட்டுக்கொண்டே போனார், எட்டுப் பேர் செத்தார்கள், எல்லோரும் வெள்ளையர். அவரையும் சுட்டுக் கொன்றார்கள். பின்னணியாகச் செய்திகளில் வந்தது என்ன தெரியுமா? அப்பா இறந்ததற்காக ஊருக்குப் போனவரை அனுமதியில்லாமல் போனதாகக் கணக்கில் எழுதி, சம்பளத்தை நிறுத்தியிருந்தார்கள். எட்டு உயிரைக் கொன்றதற்கு அது நியாயம் ஆகாது, ஒருக்காலும் ஆகாது. செத்தவர்களின் பிள்ளைகளுக்கு அந்தப் பின்னணியால் என்ன ஆறுதல். ஆனால் அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது, ஏனென்றால் அப்பா சாவுக்கு லீவு என்பது ஒவ்வொரு யூனிட்டிலும் வாரம் ஒன்று வருகிற விஷயம். நம் பக்கம் என் காலத்தில் ஒரு கம்பெனி ஹவில்தார் மேஜர், கம்பெனியின் அன்றாட நிர்வாகத்தைப் பார்க்கிறவர், தந்தி பார்த்ததும் ரயில் வாரண்டை எழுதிக் கையில் கொடுத்து, பாக்கெட்டிலிருந்து நூறு ரூபாயும் வைத்து அனுப்புவார், பேப்பர் வேலை எல்லாம் பிறகு. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை, பெரும்பாலும். அந்தத் தளத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர்களுக்கும் அந்த லெப்டினன்டுக்கும் நடுவே இருந்த தூரம் ஒரு லீவு படிவத்தில் வெளியே வந்தது. அரசு விசாரணைக் குழு போட்டது, ராணுவத்துக்குள் இனப்பாகுபாடு இன்னும் போகவில்லை என்றுதான் அந்தக் குழுவும் சொன்னது.

கவனியுங்கள், இதெல்லாம் நடக்கும்போது தலைமைத் தளபதி நாற்காலியில் முன்னாள் போராளி சிபிவே நியாண்டா உட்கார்ந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே ஆள் மாறியாயிற்று, 1996லேயே பாதுகாப்பு வெள்ளை அறிக்கை வந்து சமத்துவம், பிரதிநிதித்துவம் எல்லாம் எழுதியாயிற்று. கீழே கம்பெனி ஆபீஸ் மாறவில்லை.

இதைப் பற்றி ஏற்காட்டில் என் நண்பர் ஒருவரிடம் பேசினேன். மெட்ராஸ் ரெஜிமென்டில் சுபேதாராக ஓய்வு பெற்றவர், நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் வைத்திருக்கிறார். பழம் பறிக்கும் நாள், ஆட்களோடு அவரும் கூடை கட்டிக்கொண்டு நின்றார், நானும் கூடவே நடந்துகொண்டு பேசினேன். அவர் கலப்பு என்றாலே சந்தேகப்படுவார். "மாஸ்டர்ஜி, நீங்க படிச்சவரு, உங்களுக்கு எல்லாம் கலந்தா நல்லாத்தான் தெரியும். சண்டையில பக்கத்துல இருக்கறவன் என் பாஷைல கத்தினாத்தான் எனக்குக் கேக்கும். ரெஜிமென்டுன்னா ரத்தம். அதைக் கலைச்சா ஒண்ணும் நிக்காது" என்றார். அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். 1857க்குப் பிறகு ஆங்கிலேயர்கள் நம் ராணுவத்தை இனவாரியாக, ஜாதிவாரியாகப் பிரித்து வைத்தது நம்மேல் இருந்த பாசத்தால் இல்லை, ஒரு கூட்டம் எழுந்தால் இன்னொரு கூட்டத்தை வைத்து அடக்கத்தான். ஆனால் அந்தப் பிரிவுக்குள் பிறந்த ரெஜிமென்ட் பாசம் உண்மையானது, அதைச் சுதந்திரத்துக்குப் பிறகும் நாம் ஒரே நாளில் உடைக்கவில்லை. அப்போதைய தலைமைத் தளபதி கரியப்பா 1949ல் எல்லா மாநிலத்தாரும் எல்லா ஜாதியாரும் கலந்த கார்ட்ஸ் பிரிகேடைத் தொடங்கினார், மற்ற ரெஜிமென்டுகள் அப்படியே தொடர்ந்தன.

நான் அவரிடம் நாகா ரெஜிமென்டைச் சொன்னேன். நாகா மலையில் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1970 நவம்பரில் ராணிக்கேத்தில் அந்த ரெஜிமென்டை ஆரம்பித்தார்கள். பாதி நாகாக்கள், மீதி குமாவூனி, கார்வாலி, கூர்க்கா. முழுசாக நாகாக்களாக வைத்தால் தனிப்படை ஆகிவிடும், நாகாக்களைப் பத்துப் பத்தாக வேறு ரெஜிமென்டுகளில் தூவினால் காணாமல் போய்விடுவார்கள், இரண்டும் இல்லாமல் பாதிக்குப் பாதி என்பது யோசித்துச் செய்த ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த வருடமே வங்கதேசப் போருக்குப் போனார்கள், 1999ல் கார்கிலிலும் இருந்தார்கள். ஆயுதத்தைக் கீழே வைத்த ஒரு கிளர்ச்சிக் குழுவையும் 1973ல் எல்லைப் பாதுகாப்புப் படையில் எடுத்தார்கள். நாகா பிரச்சினை அதனால் தீர்ந்துவிடவில்லை, ராணுவத்தின் மேல் அந்த மக்களுக்கு இருக்கும் வருத்தமும் கோபமும் நியாயமானது, அந்தக் கதை பெரிது. ஆனால் ரெஜிமென்டுக்குள் ஒரு நாகா பையன் நாகாவாகவே இருக்க முடிகிறது, தன் பாட்டு, தன் உடை, ஞாயிற்றுக்கிழமை தன் ஜெபம், எல்லாவற்றோடும்.

சுபேதார் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அவராகவே, தான் கம்பெனி ஹவில்தார் மேஜராக இருந்தபோது நடந்ததைச் சொன்னார். மெட்ராஸ் ரெஜிமென்டில் தமிழர், மலையாளிகள், தெலுங்கர், கன்னடர் எல்லோரும்தான். அவருக்கு முன்னால் இருந்தவர் லீவு புத்தகத்தைப் பூட்டி வைப்பார், பொங்கலுக்கு யார் போகிறார், ஓணத்துக்கு யார் போகிறார் என்பது அவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். பாரக்கில் ஒரே முணுமுணுப்பு, அவன் ஆளுக்கு மட்டும் கொடுக்கிறான் என்று. உண்மையில் அவர் ஒழுங்காகத்தான் கொடுத்திருக்கிறார், கணக்கைப் பார்த்தால் தெரிந்தது. ஆனால் யாரும் பார்க்கவில்லையே. இவர் வந்ததும் வருடத் தொடக்கத்திலேயே முழு லீவு பட்டியலையும் நோட்டீஸ் போர்டில் ஒட்டினார். ஓணத்துக்கு மலையாளிகள், அந்த நாளில் அவர்கள் டியூட்டியைத் தமிழர்கள் பார்ப்பது, பொங்கலுக்கு மாறி, உகாதிக்கு மாறி. சண்டை நின்றது. "அவ்வளவுதான் மாஸ்டர்ஜி, வேற ஒண்ணும் பண்ணல" என்றார். கலப்பை எதிர்க்கிற மனிதர், கலந்த படையை நடத்துவது எப்படி என்பதற்கு நான் கேட்டதிலேயே நல்ல பதிலைச் சொல்லிவிட்டு மிளகுக்கொடியைப் பார்க்கப் போய்விட்டார்.

நேர்மையாக நடப்பது ஒன்று, நேர்மையாக நடக்கிறது என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிவது இன்னொன்று. சண்டை போட்ட இனங்கள் ஒன்றாக இருக்கும் படையில் இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு மதிப்பே கிடையாது, ஏனென்றால் சந்தேகம் ஏற்கனவே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

போஸ்னியாவில் இந்த சந்தேகத்தை ஒழிக்க முயலாமல், அதற்கு ஒரு இடம் கொடுத்துக் கட்டினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 1992 முதல் 1995 வரை போஸ்னியாக், குரோவாட், செர்பியர் மூன்று பேரும் மூன்று ராணுவமாக அடித்துக்கொண்டார்கள். போரை முடித்த டேட்டன் ஒப்பந்தத்துக்குப் பிறகும் பத்து வருடம் தனித்தனி ராணுவம், தனித்தனி அமைச்சகம். 2006 ஜனவரியில்தான் ஒரே அமைச்சகம், ஒரே உத்தரவுச் சங்கிலி, கட்டாய ராணுவ சேவையும் அதோடு போனது. மூன்று காலாட்படைப் பிரிகேடுகள். ஒவ்வொரு பிரிகேடிலும் மூன்று பட்டாலியன்கள், இனத்துக்கு ஒன்று. பட்டாலியனுக்குள் பெரும்பாலும் ஒரே இனம், அதற்கு மேலே பிரிகேடு தலைமையகத்தில் எல்லோரும் கலந்து. இனத்துக்கு ஒரு ரெஜிமென்ட் என்றும் வைத்தார்கள், ஆனால் அந்த ரெஜிமென்டுக்குச் சண்டையில் உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது, கொடி, நினைவு நாள், அருங்காட்சியகம், பழைய வீரர்களின் பெருமை, அது மட்டும். எங்கள் சுபேதாருக்கு இது பிடிக்கும். ரத்தத்தை மதித்துவிட்டு, சாவியை மட்டும் வேறு ஆளிடம் கொடுத்திருக்கிறார்கள்.

2014 மே மாதம் போஸ்னியாவில் பெரிய வெள்ளம். அந்த ஒரே ராணுவம்தான் எல்லா இனத்து ஊர்களிலும் படகோடு போய் மக்களைத் தூக்கி வந்தது. 2021ல் போஸ்னிய செர்பியர்களின் தலைவர் மிலொராட் டோடிக் தன் மக்களை அந்த ராணுவத்திலிருந்து விலக்கித் தனி ராணுவம் அமைப்பேன் என்று அறிவித்தபோது உலகமே பயந்தது. ஆனால் செர்பியச் சிப்பாய்கள் கூட்டமாக எழுந்து வெளியே போகவில்லை. பதினைந்து வருடம் ஒரே இடத்திலிருந்து சம்பளம், ஒரே பதவி உயர்வு விதி, ஒரே பென்ஷன் என்று வாழ்ந்தவர்களுக்கு வெளியே போவதென்றால் பெரிய முடிவு. காரணம் அது மட்டும்தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் கொங்கோவையும் பார்த்தவன் என்ற முறையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

எண்ணிக்கை மட்டும் சரியாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு புருண்டியைக் காட்டுவேன். கொங்கோவின் பக்கத்துச் சின்ன நாடு, ராணுவம் சிறுபான்மை டுட்ஸிகள் கையில் இருந்தது, 1993ல் தேர்தலில் வென்ற, பெரும்பான்மை ஹுட்டு இனத்தின் முதல் ஜனாதிபதியையே ராணுவத்தினர் கொன்றார்கள், நீண்ட உள்நாட்டுப் போர். 2000ல் அருஷா ஒப்பந்தம் ராணுவத்தில் எந்த இனமும் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது என்றது. நிறைவேற்றினார்கள், பிறகு சோமாலியாவுக்கு அமைதிப்படையாகவும் ஒன்றாகப் போனார்கள். 2015 மே மாதம் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது ராணுவம் ஹுட்டு, டுட்ஸி என்று இரண்டாகப் பிளக்கவில்லை, இரண்டு பக்கமும் இரண்டு இனத்தாரும் இருந்தார்கள். அது பெரிய சாதனை, குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் அதற்குப் பிறகு பழைய ராணுவத்து டுட்ஸி அதிகாரிகள் கொல்லப்படுவதையும் காணாமல் போவதையும் மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்தன. பாதிக்குப் பாதி என்ற விதி அவர்களைக் காப்பாற்றவில்லை. இரவில் ஒருவரை வீட்டிலிருந்து கூட்டிப்போனால் மறுநாள் காலை ரோல் காலில் யாரிடம் கேட்பது, கேட்டவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு எந்த ஒப்பந்தத்திலும் ஷரத்து இல்லை.

நேபாளத்தில் உள்நாட்டுப் போர் முடிந்தபின், மாவோயிஸ்ட் படையில் ஐ.நா. சரிபார்த்த 19,602 பேரில் கடைசியில் ராணுவத்துக்குள் போனவர்கள் சுமார் 1,400 பேர்தான். மற்றவர்கள் பெரும்பாலும் பணம் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனார்கள். படை உடையவில்லை, ஆனால் படை மாறியது என்றும் சொல்ல முடியாது.

இப்போது அந்தத் தம்பியின் கேள்விக்கு வருகிறேன்.

இலங்கை ராணுவம் 1949ல் பிறந்தபோது எல்லா இனத்தாரும் இருந்த படை. 1955 முதல் 1959 வரை அதன் தளபதி அன்டன் முத்துக்குமாரு, ஒரு தமிழர், அந்தப் பதவிக்கு வந்த முதல் இலங்கையரும் அவர்தான். இதைச் சொன்னபோது அந்தத் தம்பி நம்பவில்லை. 1956ல் சிங்களம் மட்டும் சட்டம், 1962ல் அதிகாரிகள் சிலரின் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி தோற்றது, அதன்பின் ஆள் எடுக்கும் முறை மாறி, கொஞ்சம் கொஞ்சமாக அது கிட்டத்தட்ட ஒரே இனத்தின் ராணுவமாக ஆனது. ஒரே ஒரு தலைமுறை போதுமானதாக இருந்தது. 2009 மே மாதம் அந்த ராணுவம் எப்படி நின்றது, நம் மக்கள் எப்படிச் செத்தார்கள் என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. 2012ல் கிளிநொச்சிப் பக்கம் தமிழ்ப் பெண்கள் சிலரை ராணுவத்தில் சேர்த்தார்கள், என்ன வேலைக்கு என்று தெளிவாகச் சொல்லாமல் எடுத்தார்கள் என்று அப்போதே சர்ச்சை. நியாயம் கிடைக்காத கொலைகளை அப்படியே வைத்துக்கொண்டு சீர்திருத்தம் பேசுவது சரியா என்று என்னைக் கேட்பீர்கள். சரியில்லை. விசாரணையும் பொறுப்புக்கூறலும் இல்லாமல் அந்தப் படையின் மேல் தமிழருக்கு நம்பிக்கை வரும் என்று எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அது நடக்கும்வரை அந்த ராணுவம் கலைந்துபோகப் போவதில்லை, தமிழர் ஊர்களின் நடுவே முகாம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. அதில் ஒரு தமிழ்ப் பையன் சேர்ந்தால் அவனுக்கு உள்ளே என்ன நடக்கும் என்பது நிஜமான கேள்வி, ஒரு வீட்டின் கேள்வி.

மறுபடி அந்தத் தம்பி இரண்டாவது கோட் அடிக்க வந்தபோது சொன்னேன். "தம்பி, மருமகன்கிட்ட நாலு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்க. ட்ரெய்னிங்ல உத்தரவு எந்த மொழியில, தமிழ்ல பரீட்சை எழுத விடுவாங்களா. புகார் கொடுத்தா அது தமிழ்ல போகுமா, யார் படிப்பாங்க. அவன் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போக இடம் இருக்கா. அப்புறம் அவனுக்கு மேல சார்ஜென்ட் ஆகப்போறவன்ல ஒரு தமிழனாவது இருக்கானா." 1987ல் பதின்மூன்றாவது திருத்தத்திலேயே தமிழும் ஆட்சி மொழி என்று எழுதிவிட்டார்கள், அந்த எழுத்து ஒரு பாரக்கின் நோட்டீஸ் போர்டு வரைக்கும் வந்திருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

"கடைசிக் கேள்விக்குப் பதில் எனக்கே தெரியும் அண்ணை" என்றார்.

தெரியும்தான். அதனால்தான் இப்போதைக்கு வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். தனியாகப் போகிற பையனுக்கு முன்னால் போனவர்களின் துணை வேண்டும், ஒரு பிளாட்டூனில் ஒரே ஒருவனாக இருப்பவன் ஒன்று மௌனமாகிவிடுவான், இல்லை முறிந்துவிடுவான். வகுப்பறையில் நான் இதைப் பார்த்திருக்கிறேன், வடகிழக்கிலிருந்து ஒற்றை ஆளாக வந்த பையன்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து, பதில் தெரிந்தும் வாய் திறக்காமல். இரண்டு பேர் ஆனதும் பேசினார்கள். நாலு பேர் ஆனதும் சிரித்தார்கள்.

ஒரு ரெக்ரூட் கம்பெனி நடத்தும் ஹவில்தாராக வளர எந்த ராணுவத்திலும் பத்துப் பதினைந்து வருடம் பிடிக்கும், மேலே இருந்து இறக்குமதி செய்ய முடியாத ரேங்க் அது. இலங்கை அரசு 2023 ஜனவரியில் அறிவித்தது: இரண்டு லட்சம் பேர் வரை இருந்த ராணுவத்தை 2024க்குள் 1,35,000 ஆகவும், 2030க்குள் ஒரு லட்சமாகவும் குறைப்பார்களாம். குறைப்பது நல்ல செய்திதான், வடக்கில் ஒவ்வொரு முகாம் காலியாவதும் யாரோ ஒருவரின் காணி திரும்புவது. ஆனால் குறைக்கும் காலத்தில் புதிதாக எடுப்பது மிகக் கொஞ்சமாகத்தான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தில் மன்னார், வவுனியா, மட்டக்களப்புப் பையன்களை ஊர் ஊராகக் கூட்டமாக, மொழியோடும் உத்தரவாதத்தோடும் எடுக்கவில்லை என்றால், 2040ல் அந்த ராணுவத்தின் கம்பெனி ஆபீஸ்களில் உட்காரப்போகிறவர்கள் யார் என்பது இப்போதே முடிவாகிவிடும்.